வீல்சேரோடு ஒயிட் ஓக் கிரீக் கிரீன்வே (கேரி, வட கரோலினா): எங்கே ஏறுவது, எதைப் பார்த்துக்கொள்வது?

புதுவரவு

கேரியில் இருக்கும் ஒயிட் ஓக் கிரீக் கிரீன்வே (ஓடையோரமாகப் போகும் பொது நடைபாதை) பற்றித் துல்லியமான விவரம் வேண்டும். வருகிறவர்கள்: 74 வயது அம்மா (கொஞ்ச தூரம் கைத்தடியோடு நடப்பார், மிச்சத்துக்கு வீல்சேர்), ஸ்ட்ரோலரில் ஒரு குழந்தை, தள்ளுவதற்கு இரண்டு பேர். போக வர 2 மைலுக்கு மேல் வேண்டாம். சதுப்பு நிலத்துக்கு மேலே போகும் போர்டுவாக் (கால் ஊன்றிய மரப்பலகைப் பாதை) கட்டாயம் வேண்டும், அதற்காகத்தான் போவதே. எல்லா இடத்திலும் 'ஈஸி', 'ஆக்ஸசிபிள்' என்று போட்டிருக்கிறார்கள். அந்தச் சொற்களை எவ்வளவு நம்பலாம்?

கால்நடையாளன்

(பெயரைப் பார்த்து மாடு என்று நினைக்க வேண்டாம்.)

முதலில் தூரக் கணக்கு. பாதை கிழக்கே பாண்ட் பார்க்கில் தொடங்கி மேற்கே அமெரிக்கன் டொபாக்கோ டிரெயில் என்ற இன்னொரு நடைபாதையில் போய் முட்டுகிறது. சுமார் 7 மைல். இது வட்டப்பாதை இல்லை, போன வழியேதான் திரும்ப வேண்டும். உங்கள் 2 மைல் என்பது 1 மைல் போய், 1 மைல் வருவது. வீல்சேரும் ஸ்ட்ரோலரும் சேர்ந்து போனால் மணிக்கு 2 மைல் வேகமே அதிகம். ஆமையைப் பார்க்க நிற்பதையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் வையுங்கள்.

பாண்ட் பார்க்கில் பார்க்கிங், கழிப்பறை எல்லாம் வசதி. ஆனால் அங்கிருந்து கிளம்பினால் முதலில் வருவது வீட்டுக் கொல்லைகளும் மரக்கூட்டமும். 1 மைலில் திரும்புகிறவர்களுக்கு அந்த முனை சரிப்படாது. ஓடை மேற்கே ஜோர்டன் ஏரியை நோக்கிப் போகிறது. போகப் போகப் படுகை அகலும், நீர் தேங்கும். மேற்குப் பாதியில் ஏறுங்கள். மெக்ஆர்தர் டிரைவில் பார்க்கிங் உண்டு, டொபாக்கோ டிரெயில் முனையிலும் உண்டு.

போர்டுவாக் எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வழி: சாட்டிலைட் படத்தில் குளிர்காலத்தில் எடுத்ததைப் பாருங்கள், இலை மறைக்காது. தார்ப்பாதை கருப்பாக வளைந்து வளைந்து போகும். போர்டுவாக் வெளிறிய சாம்பல் நிறத்தில், ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்த மாதிரி நேராகத் தெரியும். அந்தக் கோட்டிலிருந்து அரை மைலுக்குள் இருக்கும் பார்க்கிங்தான் உங்களுக்கானது.

கிழக்கே ஏறி மேற்கே போனால் நீர் போகும் திசையிலேயே போகிறீர்கள், மெல்லிய இறக்கம். திரும்பும்போது அதே அளவு ஏற்றம், அதுவும் கை ஓய்ந்த நேரத்தில். மேற்கு முனையில் தொடங்கினால் தலைகீழ். தள்ளுகிறவருக்குப் பழக்கம் இல்லையென்றால் மேற்கே தொடங்குவது நல்லது.

தச்சன்

'ஆக்ஸசிபிள்' என்ற சொல்லை நம்ப வேண்டாம், எண்ணை நம்புங்கள். அமெரிக்க ஆக்ஸஸ் போர்டு (மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி விதிகளை எழுதும் கூட்டரசு அமைப்பு) 2013-இல் கொடுத்த நடைபாதை விதிகளைப் பெரும்பாலோர் ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். கூட்டரசு நிலங்களுக்காக எழுதியது, ஆனால் எந்தப் பாதையையும் அதை வைத்து எடை போடலாம். சரிவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். 8.33 வரை என்றால் 200 அடிக்கு மேல் நீளக் கூடாது. 10 வரை என்றால் 30 அடி, 12 வரை என்றால் 10 அடி. ஒவ்வொன்றுக்கும் மேலேயும் கீழேயும் இளைப்பாற ஒரு சமதளம் வேண்டும்.

எல்லோரும் ஏற்றத்தைத்தான் பார்ப்பார்கள். வீல்சேரைத் தள்ளும்போது உண்மையில் படுத்துவது பக்கச்சாய்வு. மழைநீர் வழிந்தோட, தார்ப்பாதையை ஒரு பக்கமாகச் சாய்த்துத்தான் போடுவார்கள். விதிப்படி 48-க்கு 1, அதாவது சுமார் 2 சதவீதம், அதற்கு மேல் போகக் கூடாது. மண் இறங்கினாலோ வேர் தூக்கினாலோ அது 4, 5 ஆகிவிடும். அப்போது நாற்காலி தானாகவே தாழ்ந்த பக்கம் ஓடும், தள்ளுகிறவர் ஒரு கையாலேயே இழுத்துப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். அரை மைல் இப்படிப் போனால் தோள்பட்டை போச்சு.

போனில் இருக்கும் லெவல் ஆப் போதும். பாதைக்குக் குறுக்கே வைத்தால் 1.15 டிகிரி என்பது 2 சதவீதம். நீளவாக்கில் 2.9 டிகிரி என்பது 5 சதவீதம். ஆப் இல்லையென்றால் 2 அடி மட்டப்பலகை. தாழ்ந்த முனையைத் தூக்கிச் சமமாக்கும்போது அடியில் அரை அங்குலம் இடைவெளி இருந்தால் அது 2 சதவீதம்.

அடுத்தது போர்டுவாக்கின் வாசல். தார் முடிந்து பலகை தொடங்கும் அந்த ஒரு கோட்டில்தான் பாதி விபத்து. பலகை ஆழமாக இறக்கிய கால்களின் மேல் நிற்கிறது, அசையாது. தார் மண்ணின் மேல் கிடக்கிறது, வருஷா வருஷம் கொஞ்சம் இறங்கும். நடுவில் ஒரு படி மாதிரி உதடு விழும். அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் முன்சக்கரம் முட்டி, உட்கார்ந்திருப்பவர் முன்னால் சாய்வார். அந்த இடத்தில் நாற்காலியைத் திருப்பி, பெரிய பின்சக்கரத்தை முதலில் ஏற்றிப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போங்கள். உட்காருகிறவர் அளவில் சின்னவர் என்றாலும் இதே முறைதான்.

ஓரமாப்போ

@தச்சன் எல்லாம் சரி, நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டீர்களே. ஏர்போர்ட்டில் தருவது மாதிரி நாலு சக்கரமும் சின்னதாக இருக்கும் டிரான்ஸ்போர்ட் நாற்காலியை இங்கே கொண்டுவரவே கூடாது. திருப்பி இழுக்கப் பெரிய சக்கரமே அதில் இருக்காது. பின்சக்கரம் 24 அங்குலம், முன்சக்கரம் 8 அங்குலம் இருக்கிற நாற்காலி எடுங்கள். 5 அங்குல முன்சக்கரம் பலகை இடுக்கில் சிக்கும். காற்று டயர் என்றால் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவுக்கு முதல் நாளே அடித்துவிடுங்கள். காற்று குறைந்த டயர்தான் தள்ளுவதைக் கனமாக்கும் முதல் காரணம், நிறைய பேர் பாதையைக் குறை சொல்வார்கள்.

ஒழுங்கு: வலது பக்கம் ஒட்டிப் போங்கள். பின்னால் 'ஆன் யுவர் லெஃப்ட்' என்று குரல் வந்தால் இடது பக்கம் சைக்கிள் தாண்டப்போகிறது என்று அர்த்தம். நம்மவர்கள் அதைக் கேட்டதும் இடது பக்கமே நகர்கிறார்கள். நகராதீர்கள், அப்படியே நேராகப் போங்கள். நாற்காலியும் ஸ்ட்ரோலரும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டாம், ஒன்றன்பின் ஒன்று. போர்டுவாக்கில் படம் எடுக்க நின்றால் ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள்.

நீர்க்கோழி

புறநகருக்கு நடுவே இப்படி ஒரு சமதளப் பாதை எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. காரணம் தெரிந்தால் பாதையைப் படிப்பது சுலபம்.

பாதையோரம் இடுப்பளவு உயரத்தில் கான்கிரீட் உருளைகள் அங்கங்கே நிற்கும். கழிவுநீர்க் குழாயின் ஆள்நுழைவாய்கள் அவை. கழிவுநீர் பம்ப் இல்லாமல் தானாகவே ஓட வேண்டுமென்றால் குழாய் ஓடையோரம்தான் போக வேண்டும். அதற்காக மரம் வெட்டி ஒதுக்கிய பட்டையிலேயே கிரீன்வேயும் போடுவது இந்தப் பக்கத்து ஊர்களில் வழக்கம். வெள்ளம் உள்ளே புகாமலிருக்கத்தான் மூடியை அவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறார்கள். ஆக, உருளையின் உயரத்தைப் பார்த்தால் அந்த இடத்தில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணித்தார்கள் என்பது தெரியும்! சில நாள் லேசாக நாற்றமும் வரும், சதுப்பைத் திட்டாதீர்கள்.

பக்கத்து நிலம் வெள்ளப்படுகை. வீடு கட்ட விடமாட்டார்கள். சதுப்பை மண் கொட்டி மேடாக்க, கூட்டரசின் நீர்ச் சட்டம் 404-ஆம் பிரிவின்கீழ் அனுமதி வாங்க வேண்டும். அதனால்தான் அந்த இடங்களில் மட்டும் கால் ஊன்றிப் பலகை.

என்ன பார்க்கலாம், கேட்கலாம்: பிப்ரவரியிலிருந்து மார்ச் வரை மாலையில் ஸ்பிரிங் பீப்பர் தவளைகள். உடம்பு ஒரு அங்குலம்தான். நூறு இருநூறு சேர்ந்தால் சலங்கைக் கடையைக் குலுக்கிய மாதிரி இருக்கும், பக்கத்தில் பேசுவது கேட்காது. வெயில் ஏறியதும் விழுந்த மரங்களில் மஞ்சள் வயிற்று ஆமைகள் வரிசையாக. பெரிய நீல நாரை ஆண்டு முழுக்க. கோடையில் சம்புப் புதரைச் சுற்றித் தும்பிகள்.

இங்கே பீவரும் உண்டு. சிலர் அதை 'நீர்நாய்' என்று எழுதுகிறார்கள், நிறுத்துங்களேன். நீர்நாய் என்பது ஓட்டர், அது மீன் தின்னும், வேறு விலங்கு. பீவர் மரம் கடித்து அணை கட்டுவது. இந்த மாநிலத்தில் வேட்டையால் பீவரே இல்லாமல் போய், 1939-இல் பென்சில்வேனியாவிலிருந்து 29 பீவர்களைக் கொண்டுவந்து விட்டுத்தான் மறுபடி பெருகின. இன்றைக்குக் கிரீன்வே நனைவதற்குப் பல இடங்களில் அவைதான் காரணம். மழையே இல்லாமல் பாதையோரம் தண்ணீர் ஏறியிருந்தால், கீழே எங்கோ ஒரு அணை எழும்பியிருக்கிறது. அணையை உடைத்தால் இரண்டே இரவில் திரும்பக் கட்டிவிடும். அதனால் அணையின் ஊடே குழாய் விட்டு, அதன் வாயைக் கம்பிக்கூண்டால் மூடி, நீர்மட்டத்தை மட்டும் குறைப்பார்கள்.

புதுவரவு

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. வியாழக்கிழமை நல்ல மழை என்று சொல்கிறார்கள். சனிக்கிழமை போகலாமா?

கால்நடையாளன்

வானிலை ஆப்பைவிட ஓடையையே கேளுங்கள். யுஎஸ்ஜிஎஸ் (அமெரிக்க நிலவியல் ஆய்வு) அமைப்புக்கு ஒயிட் ஓக் கிரீக்கின் முகத்துவாரத்தில், கிரீன் லெவல் அருகே, ஒரு நீர்மட்ட அளவி இருக்கிறது. இணையத்தில் வரைபடம் இலவசம். எண்ணை விட்டுவிட்டுக் கோட்டின் வடிவத்தைப் பாருங்கள். மழைக்கு முந்தைய வாரம் கோடு எந்த மட்டத்தில் கிடந்ததோ அதற்குத் திரும்பியிருந்தால் போகலாம். இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தால் தாழ்வான இடங்கள், முக்கியமாகச் சாலைக்கும் தண்டவாளத்துக்கும் அடியில் போகும் சுரங்கப்பாதைகள், நனைந்திருக்கும்.

தண்ணீர் வடிந்த பிறகு மிச்சமாகும் வண்டல்தான் பெரிய வில்லன். இந்த மேற்குப் பகுதி மண் டிரையாசிக் காலத்துக் களிமண். நீரை உள்ளே விடாது. வெள்ளம் போனதும் தார்மேல் கால் அங்குலம் வழவழவென்று படியும், சோப்பு தடவிய மாதிரி. காய்ந்துவிட்டால் தூசி, தொல்லை இல்லை. பாதி காய்ந்த நிலையில் மேலே பொருக்கு, அடியில் வழுக்கல். பார்க்க உலர்ந்ததுபோலவே இருக்கும். கைத்தடி நுனியால் கீறிப் பாருங்கள், பளபளப்பாகக் கோடு விழுந்தால் வேண்டாம்.

பாதைமேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் ஆழம் பார்க்க இறங்கவே வேண்டாம். 6 அங்குல ஓட்டம் நிற்கிற மனிதரையே சாய்த்துவிடும்.

தச்சன்

மரப்பலகைக்கும் இதே எச்சரிக்கை. நிழல் விழும் பக்கத்தில் பாசி பிடிக்கும், பச்சையாகத் தெரியாது, கருப்பாகவே இருக்கும். வெயில் படும் நடுப்பலகையில் நடங்கள். டிசம்பர், ஜனவரி காலைகளில் தார் உலர்ந்திருக்கும்போதே பலகை உறைந்திருக்கும், அடியில் காற்று போவதால் சூடு தங்காது. பாலங்களில் முதலில் ஐஸ் பிடிப்பதும் இதனால்தான். 10 மணிக்கு மேல் போனால் போதும்.

கைத்தடி அடியில் ரப்பர் முனை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளிருக்கும் உலோகம் எட்டிப்பார்த்தால் பலகையில் அது சறுக்குக் கட்டைதான்.

இன்னொன்று: எல்லா போர்டுவாக்குக்கும் கைப்பிடி இருக்காது. பொதுவான கட்டட விதிப்படி விழும் உயரம் 30 அங்குலத்தைத் தாண்டினால்தான் தடுப்பு கட்டாயம். தாழ்ந்த இடங்களில் ஓரத்தில் ஒரு கட்டை மட்டும் ஓடும். சக்கரத்தை அது நிறுத்தும், ஓடுகிற குழந்தையை நிறுத்தாது. போர்டுவாக் முடியும்வரை ஸ்ட்ரோலர் பெல்ட் போட்டே இருக்கட்டும்.

வடகரை

எதற்கு இத்தனை பாடு? டொபாக்கோ டிரெயிலுக்கே போங்களேன். பழைய ரயில் பாதை, 22 மைல், ஏற்றமே கிடையாது.

ஓரமாப்போ

@வடகரை ஏற்றம் இல்லை, சரி. தரை? வேக் கவுண்டிப் பகுதியில் தார் இல்லை, இறுக்கிய கல்தூள். ஓடுகிறவர்கள் முட்டிக்கு நல்லது என்று அதைத்தான் தேடிப் போவார்கள். ஆனால் மழைக்கு மறுநாள் வீல்சேர் முன்சக்கரம் அதில் புதையும், பெரிய சக்கர ஸ்ட்ரோலர் மட்டும் சமாளிக்கும். காய்ந்த நாளில் நாற்காலி போகும், ஆனால் தள்ளுவது தாரைவிடக் கனம். தவிர அவர் கேட்டதே சதுப்பு. ரயில் மேட்டின் மேலிருந்து அது எட்டத்தில்தான் தெரியும்.

உண்ணிவைத்தியம்

ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை என்றால் உண்ணியைப் பற்றிப் பேசாமல் முடிக்கக் கூடாது. மரத்திலிருந்து குதிப்பது இல்லை. புல் நுனியில் காலை நீட்டிக்கொண்டு காத்திருக்கும், உரசினால் ஒட்டிக்கொள்ளும். தார்ப்பாதையின் நடுவில் ஆபத்து மிகக் குறைவு. புல்வெளி ஓரத்தில் ஸ்ட்ரோலரை நிறுத்துவது, குழந்தையை இறக்கிவிட்டுச் சாப்பாடு ஊட்டுவது, அங்கேதான் ஏறும்.

துணிக்கு 0.5 சதவீதம் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி, முதல் நாளே தெளித்து உலர்த்திவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது பூனைக்கு அது விஷம். தோலில் போடாதீர்கள். தோலுக்கு டீட் அல்லது பிகாரிடின் கலந்த பூச்சிவிரட்டி. வீட்டுக்கு வந்ததும் போட்டிருந்த துணியைத் துவைக்கும் முன் டிரையரில் அதிக சூட்டில் 10 நிமிடம். உண்ணி தண்ணீரில் சாகாது, வறட்சியில் சாகும். பிறகு அக்குள், முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்னால், இடுப்புப் பட்டை, தலைமயிர் எல்லாம் பார்க்க வேண்டும்.

வடகரை

ஒட்டியிருந்தால் தேங்காய் எண்ணெய் விட்டால் தானாக விழுந்துவிடும். மாட்டுக்கு அப்படித்தான் செய்வோம்.

உண்ணிவைத்தியம்

@வடகரை அண்ணா, வேண்டாம். எண்ணெய், மண்ணெண்ணெய், நெருப்பு எதுவும் கூடாது. திணறும் உண்ணி வயிற்றில் இருப்பதைக் கடிவாயிலேயே கக்கும், கிருமி உள்ளே போக அதுவே வழி. மெல்லிய நுனி இடுக்கியால் தோலை ஒட்டித் தலையைப் பிடித்து, திருகாமல், நேராக மேலே ஒரே சீராக இழுக்க வேண்டும். சோப்பால் கழுவித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். சில வாரங்களுக்குள் காய்ச்சலோ தடிப்போ வந்தால் டாக்டரிடம் அந்தத் தேதியோடு போங்கள்.

நம் ஆட்களுக்கு முக்கியமான ஒன்று. இங்கே அதிகம் இருப்பது லோன் ஸ்டார் உண்ணி, பெண் உண்ணிக்கு முதுகில் ஒரு வெள்ளைப் புள்ளி. இதன் கடியால் சிலருக்கு ஆல்ஃபா-கால் ஒவ்வாமை வரும். அதற்குப் பிறகு ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, பன்றிக்கறி ஆகாது, சிலருக்குப் பாலும். சாப்பிட்ட உடனே ஒன்றும் தெரியாது, 2 முதல் 6 மணி நேரம் கழித்துத்தான் தடிப்பு, வயிற்றுவலி, மூச்சுத்திணறல். இரவு பிரியாணி சாப்பிட்டு நள்ளிரவில் உடம்பெல்லாம் தடித்தால் மசாலாவைச் சந்தேகிக்கிறார்கள், உண்ணியை யாரும் நினைப்பதில்லை. கோழியும் மீனும் பிரச்சினை இல்லை.

நீர்க்கோழி

உண்ணி சொன்னால் பாய்சன் ஐவியும் (பட்டால் தோல் அரித்துத் தடிக்கும் கொடி) சொல்ல வேண்டும். ஒரு காம்பில் மூன்று இலை, நடு இலைக்கு மட்டும் நீளமான காம்பு. மரத்தில் ஏறினால் தண்டு முழுக்க மயிர் மாதிரி வேர். ஐந்து இலை இருந்தால் பெரும்பாலும் வர்ஜீனியா கிரீப்பர், பயமில்லை. ஐவியின் பிசினும் நம் ஊர்ச் சேங்கொட்டைப் பிசினும் ஒரே குடும்பம். முந்திரிக்கொட்டைத் தோலும் மாங்காய்ப் பாலும் அதே வகைதான். அவை யாருக்கு ஆகாதோ அவர்களுக்கு இது கூடுதலாகவே படுத்தும். குளிர்காலத்தில் இலை இல்லாத கொடியிலும் பிசின் உண்டு. பட்டால் உடனே சோப்பும் குளிர்ந்த தண்ணீரும். கைத்தடி, நாற்காலிச் சக்கரம், வளையம் எல்லாவற்றையும் கழுவுங்கள், உலர்ந்த பிசின் மாதக்கணக்கில் வேலை செய்யும்.

பாம்பு: காப்பர்ஹெட் என்ற விஷப்பாம்பு இருக்கிறது. கோடை இருட்டும் நேரத்தில் சூடாக இருக்கும் தார்மேல் வந்து கிடக்கும். காலை 10 மணி நடைக்கு அந்தக் கவலை குறைவு. கண்டால் ஆறடி தள்ளி நில்லுங்கள், தானே போகும்.

புதுவரவு

நவம்பர் முதல் வாரத்துக்குத் தள்ளிவைக்கலாம் என்று தோன்றுகிறது. உண்ணியும் குறைவு, வெயிலும் இல்லை. மேற்கு முனையில் ஏறி, முக்கால் மைலில் திரும்புவதாகத் திட்டம். வேறு ஏதாவது?

ஓரமாப்போ

நவம்பர் என்றால் ஸ்வீட்கம் மரத்தின் காய். பெரிய நெல்லிக்காய் அளவில் முள் உருண்டை, மரத்தடி முழுக்கக் கொட்டும். நடக்கிறவர் காலடியில் உருளும், முன்சக்கரத்தில் சிக்கினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், நாற்காலி சடக்கென்று நிற்கும். அம்மா கைத்தடியோடு நடந்து வந்தாலும் அந்தப் பகுதியை மட்டும் நாற்காலியிலேயே தாண்டட்டும். முன்னால் போகிறவர் காலால் ஒதுக்கிக்கொண்டே போகட்டும். அதோடு ஈர இலை, பைன் ஊசி இரண்டும் பலகைமேல் வழுக்கும்.

மணியும் மாறும். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளுவார்கள், மாலை ஐந்தேகால் சுமாருக்கே சூரியன் மறைந்துவிடும்.

தச்சன்

முன்சக்கர அச்சில் முடியும் நூலும் சுற்றியிருந்தால் கிளம்பும் முன்னே வெட்டி எடுத்துவிடுங்கள். ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரும் 2 அடி மட்டப்பலகையும் நாற்காலிப் பையில் இருக்கட்டும். போர்டுவாக் வாசல் உதட்டை அளந்தால் எத்தனை அங்குலம் என்று இங்கே போடுங்கள், எந்தப் பக்கத்து வாசல் என்பதையும் சேர்த்து.